இடிந்த கோயிலின் முழக்கணக்கு

1475-ஆம் ஆண்டு, இத்தாலியின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜோ தி கலாப்ரியா நகரில் ஓர் எபிரெய நூல் அச்சேறியது. ஆண்டு குறிக்கப்பட்டு அச்சான எபிரெயப் புத்தகங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே முதலாவது. மோசேயின் ஐந்து நூல்களுக்கு ராஷி எழுதிய உரை அது. ராஷி 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்தவர். குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, யூத வேதத்துக்கு ராஷி அப்படி. அவரைத் தொடாமல் யாரும் மூலத்துக்குள் நுழைவதில்லை.

சொல்லால் மட்டும் விளங்காது என்று தோன்றிய இடங்களில் ராஷி படம் வரைந்து காட்டினார். ஆசரிப்புக்கூடாரத்தின் பலகை, ஏழு கிளைக் குத்துவிளக்கு, எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட ஆலயத்தின் அறைகள் போன்றவை அத்தகைய இடங்கள். பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் அந்தக் கோட்டுப்படங்கள் இன்றும் இருக்கின்றன. உரை அச்சுக்கு வந்தபோது பெரும்பாலான பதிப்புகளில் படங்கள் விடுபட்டுவிட்டன. 'இப்படி' என்று சொல்லி வாக்கியம் முடியும். எப்படி என்று காட்டப் படம் இருக்காது. ஈய எழுத்தைக் கோப்பது ஒரு வேலை, படத்துக்கு மரக்கட்டை செதுக்குவது வேறு வேலை. அதற்குத் தனி ஆளும் தனிச் செலவும் வேண்டும்.

நான் வசிக்கும் மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில், சிறு லேத் பட்டறைகள் நிறைய. டிராயிங் இல்லாமல் வாய்ச்சொல்லாக மட்டும் ஒரு வேலை வந்தால் அங்கே மெஷினை ஓட்டவே மாட்டார்கள். அச்சுக்கு வந்த ராஷி உரையைப் படித்தவர்களின் நிலை ஏறக்குறைய அதுதான். முழக்கணக்கு எல்லாம் கையில் இருக்கிறது. வரைபடம் மட்டும் இல்லை. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளில் யூத அறிஞர்கள் அந்த இடத்தை நிரப்பப் பாடுபட்டார்கள். ஆலயத்தையும் அதன் பணிமுட்டுகளையும் பற்றி அவர்கள் அச்சிட்ட நூல்களின் வரலாறு அந்தப் பாட்டின் வரலாறுதான் என்பது என் கருத்து.

எருசலேம் ஆலயத்தை கி.பி. 70-இல் டைட்டஸின் ரோமானியப் படை எரித்தது. கொள்ளைபோன குத்துவிளக்கைத் தோளில் சுமந்து செல்லும் ஊர்வலம் ரோம் நகரில் டைட்டஸ் வளைவில் இன்றும் சிற்பமாக நிற்கிறது. அதன் பிறகு யூதருக்குப் பலிபீடம் இல்லை, தூபபீடம் இல்லை, ஆசாரியனுக்குப் பணி இல்லை. எஞ்சியது எழுத்து. பாலைவனத்தில் தூக்கிச் சென்ற ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் யாத்திராகமத்தில் இருந்தன. சாலொமோன் கட்டியது ராஜாக்களின் நூலில். இனி வரப்போகும் ஆலயம் எசேக்கியேலில். இடிக்கப்பட்ட இரண்டாம் ஆலயத்தின் வாசல், முற்றம், படிக்கட்டு அத்தனையும் மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின் 'மித்தோத்' என்ற பகுதியில் அளந்து சொல்லப்பட்டிருந்தன. பெயருக்கேற்ப அது அளவுகளின் நூல்.

எங்கள் பக்கத்து ஊரான பாடியில் திருவலிதாயம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அங்கே விளக்கு எவ்வளவு உயரம், எந்தக் கிண்ணம் எந்த அபிஷேகத்துக்கு என்பதையெல்லாம் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. குருக்கள் கைக்கு அது பழக்கம். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறான். கை அப்படியே மறுகைக்குக் கொடுக்கும் அறிவு, கட்டடம் நிற்கும் வரைதான் நிற்கும். கட்டடம் போனால் ஒவ்வொரு விரற்கடையும் எழுத்தில் ஏற வேண்டும். யூத மரபு இதை ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஆலயத்தின் வடிவத்தைக் கற்பது அதைக் கட்டுவதற்குச் சமம் என்று வேத விளக்கங்களான அவர்களுடைய மித்ராஷ் நூல்கள் சொல்கின்றன. ஆகவே ஒரு பலகையின் கனத்தைப் பற்றி வாதிடுவது அவர்களுக்கு வழிபாடாகவே இருந்தது.

அந்தப் பலகைக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த நூல்களின் மனம் அதில் தெரியும். கூடாரத்தின் தெற்கிலும் வடக்கிலும் இருபது இருபது பலகைகள். ஒவ்வொன்றும் பத்து முழ உயரம், ஒன்றரை முழ அகலம். இருபதை ஒன்றரையால் பெருக்கினால் முப்பது. கூடாரத்தின் நீளம் வந்துவிட்டது. மேற்குப் பக்கம்தான் சிக்கல். அங்கே ஆறு பலகைகள், கூடவே மூலைக்கு இரண்டு. ஆறு பலகைக்கு ஒன்பது முழம். எட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. உள் அகலமோ பத்து முழம் என்பது மரபு. மீதி இரண்டு முழம் எங்கே போயிற்று? பலகையின் கனம் ஒரு முழம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. மூலைப் பலகை ஒவ்வொன்றிலும் அரை முழம் உள்ளே தெரியும். மிச்சம் ஒரு முழம் பக்கச் சுவரின் கனத்தை மூடிக்கொள்ளும். மூலநூலில் எங்குமே சொல்லப்படாத கனத்தை வெறும் பெருக்கலாலும் கழித்தலாலும் பிடித்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. பத்து முழ உயரம், ஒன்றரை முழ அகலம், ஒரு முழக் கனம் என்றால் ஒரு பலகையே ஒரு டன் அளவுக்குக் கனக்கும். நாற்பத்தெட்டுப் பலகைகளையும் மற்ற சாமான்களையும் சுமக்க மெராரி புத்திரர் என்ற குலத்தாருக்குக் கொடுக்கப்பட்டதோ நான்கு வண்டிகள், எட்டு மாடுகள். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத்தில் இதற்கு இரண்டு கட்சிகள். அடியில் ஒரு முழமாக இருக்கும் பலகை மேலே போகப் போகச் சிறுத்து ஒரு விரல் கனமாகும் என்கிறார் ரபி யூதா. அடியிலிருந்து நுனிவரை ஒரே கனம்தான் என்கிறார் ரபி நெகேமியா. வண்டியின் அகலம், பலகைகளை அதில் அடுக்கிய விதம் என்று விவாதம் நீள்கிறது. படித்துக்கொண்டு போகும்போது இவர்கள் மர வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றும்.

குத்துவிளக்கிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. ஒரு தாலந்து பொன்னில் ஒரே துண்டாக அடித்துச் செய்ய வேண்டும் என்ற மூலநூல் அதன் உயரத்தைச் சொல்லவில்லை. பதினெட்டுக் கையகலம் என்று தல்மூத் சொல்கிறது. கிளைகள் வளைந்திருந்தனவா, நேராகச் சாய்ந்து ஏறினவா? டைட்டஸ் வளைவில் வளைந்திருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் தம் மிஷ்னா உரைக்குத் தாமே வரைந்த படத்தில் நேர்க்கோடாகச் சாய்ந்திருக்கின்றன. அவர் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அப்பா நேராகத்தான் வரைந்தார் என்று அவருடைய மகன் ஆபிரகாமும் எழுதி வைத்திருக்கிறார். கண்ணால் பார்த்தவன் செதுக்கிய கல் ஒரு பக்கம், மூலத்தை எழுத்தெண்ணிப் படித்தவனின் கோடு மறுபக்கம். தீர்ப்பு இன்றுவரை இல்லை.

அச்சுக் காலத்துக்கு வருவோம். வெனிஸ் நகரில் 1545 முதல் எபிரெய நூல்களை அச்சிட்ட மார்க்கோ அந்தோனியோ ஜுஸ்தினியானி தம் புத்தகங்களின் முகப்பில் ஓர் ஆலயப் படத்தைப் பதித்தார். ஆலயம் என்று எழுத்தில் குறிப்பும் உண்டு. படத்தில் இருப்பதோ எண்கோணக் கட்டடம், மேலே குவிமாடம். ஆலயம் நின்ற மலையில் 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம்கள் எழுப்பிய பாறைக் குவிமாடத்தின் வடிவம் அது. அதைத்தான் சாலொமோன் ஆலயம் என்று ஐரோப்பியப் பயணிகள் படம் போட்டுப் பரப்பியிருந்தார்கள். அத்தகைய பயணியான பிரைடன்பாக் 1486-இல் வெளியிட்ட பயண நூலின் எருசலேம் படம் அதற்குச் சான்று. அந்த முத்திரை வேறு அச்சகங்களுக்கும் பரவி, யூத வீடுகளில் ஆலயம் என்றாலே எண்கோணம் நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று. எழுத்திலிருந்து கோடு கோடாக ஆலயத்தை மீட்க வேண்டும் என்ற வேகம் அடுத்த தலைமுறைக்கு வந்ததில் இதற்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1602 ஒரு முக்கியமான ஆண்டு. கூடார வேலையை மட்டுமே விவரிக்கும் பழைய யூதத் தொகுப்பான 'பராயிதா தெ-மெலேகெத் ஹ-மிஷ்கான்' அந்த ஆண்டு வெனிஸில் அச்சானது. அதே ஆண்டு பிராக் நகரில், இருபத்துச் சொச்சம் வயதே ஆன யோம் தோவ் லிப்மன் ஹெல்லர், எசேக்கியேல் கண்ட ஆலயத்தின் வடிவத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். மிஷ்னா முழுமைக்கும் பின்னாளில் பேருரை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். தொடக்கப் பணியாக இந்த ஆலய அளவுகளையே எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான நூல் 1612-இல் மாந்துவா நகரில் அச்சான 'ஷில்தே ஹ-கிப்போரிம்'. ஆசிரியர் ஆபிரகாம் போர்த்தலேயோனே, அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். 1605-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. வேதக் கல்வியை விட்டுவிட்டு உலகியல் நூல்களிலேயே காலம் கழித்ததற்குத் தண்டனை இது என்று நம்பி, பரிகாரமாகத் தம் பிள்ளைகளுக்கென்று இந்தப் பெருநூலை எழுதினார். ஆலயத்தின் கட்டடம், ஆலயப் பணியாளரான லேவியரின் இசைக்கருவிகள், பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்க ரத்தினங்கள், தூபவர்க்கம் என்று ஒரு வைத்தியரின் நுணுக்கத்தோடு எல்லாவற்றையும் ஆராய்ந்தார்.

தூபவர்க்கம் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. தல்மூத் கணக்குப்படி பதினொரு சரக்குகள். முதல் நான்கு, மானே என்ற எடையில் எழுபது எழுபது. குந்திரிக்கம் அவற்றில் ஒன்று. அடுத்த நான்கு பதினாறு பதினாறு. வெள்ளைப்போளமும் சடாமாஞ்சிலும் குங்குமப்பூவும் அதில் சேர்த்தி. கோஷ்டம் பன்னிரண்டு. இறுதியில் ஒரு நறுமணப் பட்டை மூன்று, லவங்கப்பட்டை ஒன்பது. கூட்டினால் 368, நாளுக்கு ஒன்றாக 365, பாவநிவாரண நாளுக்குத் தனியாக மூன்று. இவற்றில் சடாமாஞ்சிலும் கோஷ்டமும் இமயமலைச் சரக்குகள். பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பட்டியலைக் கொடுத்தால், முக்கால்வாசிக்குப் பெயர் சொன்னதும் எடை போட ஆரம்பித்துவிடுவார்கள். மாந்துவாவில் கட்டிலில் கிடந்த வைத்தியர் ஒவ்வொரு வேரையும் நூல்களை ஒப்பிட்டு இனம் காண உழைத்தார். எருசலேமில் புகைந்த தூபத்தின் ஒரு பகுதி இந்திய மண்ணில் விளைந்தது என்பதை இந்த வகை நூல்களைப் படித்த பிறகே நான் உணர்ந்தேன்.

அச்சின் முழு வலிமையையும் பயன்படுத்தியவர் யாக்கோபு யூதா லெயோன். மித்தல்பர்க் நகரிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வாழ்ந்த ரபி. சாலொமோன் ஆலயத்தை மர மாதிரியாகவே செய்துவிட்டார். ஊரார் அவரை 'தெம்ப்ளோ' (ஆலயம்) என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். மாதிரிக்கு விளக்கமாக 1642-இல் மித்தல்பர்கில் ஸ்பானிய மொழியில் ஒரு சிறு நூல் வந்தது. எபிரெயத்தில் 'தவ்நித் ஹேகால்' 1650-இல், கூடாரத்தைப் பற்றிய நூல் 1654-இல், லத்தீன் மொழிபெயர்ப்பு 1665-இல். உடன்படிக்கைப் பெட்டிக்கும் கேருபீன்களுக்கும் தனித்தனி நூல்கள். கிறிஸ்தவர்களும் திரண்டு வந்து மாதிரியைப் பார்த்தார்கள். 1674-இல் டச்சுக் கவிஞர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், இவரை அறிமுகப்படுத்தி லண்டனில் இருந்த கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுக்குக் கடிதம் எழுதினார். 1675-இல் தெம்ப்ளோ காலமானார். ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய யூதர்களின் பெரிய ஜெப ஆலயம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதன் வெளிச்சுவர் முட்டுகளில் தெம்ப்ளோவின் மாதிரி சாயல் காட்டுவதாகக் கட்டடக்கலை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு.

இதற்குப் பின் வந்தவற்றில் இரண்டைக் குறிப்பிட்டால் போதும். வெனிஸில் 1696-இல் மோசே ஹேஃபெட்ஸ் இரண்டாம் ஆலயத்தைப் படங்களோடு விளக்கிய 'ஹனுக்கத் ஹ-பாயித்'. அதே நகரில் 1716-இல் இம்மானுவேல் ஹை ரிக்கி கூடார வேலைப்பாட்டைப் பற்றி வெளியிட்ட 'மஅசே ஹோஷேவ்'.

தெம்ப்ளோ வாழ்ந்த ஆம்ஸ்டர்டாம் போர்த்துகீசிய யூதச் சமூகத்துக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற வணிகர்கள் அதே இனத்தவர். லண்டன் வழியாகவும் ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் எபிரெய வணிகர்கள்: பார்த்தலோமியு ரோட்ரிக்ஸ், டொமிங்கோ தோ போர்த்தோ, அல்வாரோ த ஃபொன்சேகா. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

கொச்சியின் கதை இன்னும் நேரடியானது. 1686 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா த பைவா கொச்சிக்கு வந்து, அங்குள்ள யூதர்களின் வழக்கங்களையும் ஜெப ஆலயங்களையும் விசாரித்து எழுதினார். அந்த அறிக்கை அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய மொழியில் நூலாக வந்தது. தொடர்ந்து ஆம்ஸ்டர்டாம் சமூகம் கப்பலில் புத்தகங்கள் அனுப்பியது. அவை வந்திறங்கிய, யூத நாள்காட்டியின் ஆவ் மாதம் பதினைந்தாம் நாளைக் கொச்சி யூதர்கள் ஆண்டுதோறும் கொண்டாடியதாக மரபு. புத்தகம் வந்த நாளைப் பண்டிகையாக்கிய சமூகம்! கொச்சி முறைப்படியான வழிபாட்டு நூல்கள் 1757-லும் 1769-லும் ஆம்ஸ்டர்டாமிலேயே அச்சாகி வந்தன. கேரளத்து ஜெப ஆலயங்களில் மாடியைத் தாங்கும் பித்தளைத் தூண்கள் இரண்டும் சாலொமோன் தன் ஆலய வாசலில் நிறுத்திய யாகீன், போவாஸ் என்ற வெண்கலத் தூண்களை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். நூலில் படித்த ஆலயத்தைத் தங்கள் ஊர்த் தச்சர் கையால் ஓரளவாவது நட்டுவைத்துக்கொண்டார்கள்.

ரிக்கியின் காலத்திலேயே கூடார அளவுகள் தமிழுக்கும் வந்துவிட்டன. சீகன்பால்கு தொடங்கி வைத்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முதல் பகுதி தரங்கம்பாடி அச்சகத்தில் 1723-இல் வெளிவந்தது. ரிக்கியின் நூல் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின். 1728-க்குள் ஷூல்ட்சே மீதியையும் முடித்தார். பலகை, வெள்ளிப் பாதம், கழுந்து, தாழ்ப்பாள் என்று நம் தச்சுப் பட்டறைச் சொற்களிலேயே ஆசரிப்புக்கூடாரம் தமிழில் நின்றது. அளவும் நம்முடையதுதான்: முழம், சாண், விரற்கடை.

அந்த முழத்தில்தான் எனக்கு மேலும் ஆர்வம். யூத மரபில் கட்டடத்துக்கான முழம் ஆறு கையகலம். ஒரு கையகலத்துக்கு நான்கு விரல். ஆக 24 விரல். நம் சிற்பநூலான மயமதத்தில் கிஷ்கு என்னும் முழம் 24 அங்குலம். ஆலயத்தின் கிழக்கு வாசல் மேலே இரண்டு அளவுகோல்கள் வைக்கப்பட்டிருந்தன என்கிறது மிஷ்னா. ஒன்று மோசேயின் முழத்தைவிட அரை விரல் நீளம், மற்றது ஒரு விரல் நீளம். வேலையாட்கள் சிறிய கோலால் அளந்து கூலி பேசிப் பெரிய கோலால் அளந்து வேலையை ஒப்படைத்தார்கள். ஆலயச் சொத்தில் ஒரு விரல்கூடத் தங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பெரிய கோல் 25 விரல் ஆகிறது. மயமதத்திலும் 25 அங்குல முழம் உண்டு, பிராஜாபத்யம் என்று பெயர். 26, 27 அங்குல முழங்களும் உண்டு. எசேக்கியேலின் முழமோ ஒரு கையகலம் கூடியது, 28 விரல். பணிமுட்டுகளுக்கு ஐந்து கையகல முழம் என்ற கருத்தும் மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது. ஒரு மரபு இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதக் கை எங்கும் ஒன்றுதான். ஒரே ஆலயத்தில் வேலைக்கேற்ப வெவ்வேறு முழம் வைத்துக்கொள்ளும் பழக்கம் இரண்டு பக்கமும் இருந்தது என்பதையே முக்கியமாகக் கருதுகிறேன். கோயில் சுவரில் அளவுகோல் பொறித்து வைத்த ஊர்கள் நம்மிடமும் இருக்கின்றன.

ஹெல்லரும் போர்த்தலேயோனேயும் தெம்ப்ளோவும் ரிக்கியும் எழுதியவற்றை இதுவரை வேத அறிஞர்களும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்களுமே பெரும்பாலும் படித்து வந்திருக்கிறார்கள். தேர் செய்யும் தச்சரும் ஸ்தபதியும் படித்தால் வேறு கேள்விகள் எழும். மாமல்லபுரம் சிற்பக் கலைக் கல்லூரியில் முழத்துக்கு ஓர் அங்குலம் என்று எடுத்துக்கொண்டு அந்த நாற்பத்தெட்டுப் பலகைகளையும் மரத்தில் செய்து நிறுத்திப் பார்க்கலாம். ஒருமுறை ரபி யூதா சொன்னபடி நுனி சிறுத்து, மறுமுறை ரபி நெகேமியா சொன்னபடி ஒரே கனமாக. நுனி சிறுத்தால் மூலைப் பலகைகள் மேலே எப்படிச் சேரும், அவற்றைப் பிணைக்கும் மேல்வளையம் எந்த இடத்தில் உட்காரும், இரண்டு கழுந்தும் வெள்ளிப் பாதத்தில் எவ்வளவு ஆழம் இறங்கினால் பத்து முழப் பலகை காற்றுக்குச் சாயாமல் நிற்கும் என்பதையெல்லாம் உளி பிடித்த கைதான் உறுதியாகச் சொல்ல முடியும்.